கட்டிக்கு வலி இல்லை, கொடை முடிந்து பார்க்கலாமா?

கேள்வி: நான் முக்கூடல் பக்கத்துக் கிராமம். வயது 46. பீடி சுற்றுகிறேன். ஆறு வாரத்துக்கு முன்னால் குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் பக்கமாக, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி கொஞ்சம்கூட இல்லை. நடுவில் ஒரு தடவை தீட்டு வந்து போய்விட்டது, கட்டி அப்படியே இருக்கிறது. மைனியிடம் மட்டும் சொன்னேன். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடச் சொன்னார்கள், போட்டு வருகிறேன். என் பெரியம்மா அறுபது வயதுக்கு மேல் மார்பில் புற்றுநோய் வந்துதான் இறந்தார்கள். ஊசி குத்திப் பார்த்த பெறவுதான் உடம்பெல்லாம் பரவுச்சு என்று ஊரில் இன்றைக்கும் சொல்லுதாவ. எங்கள் அம்மன் கோயில் கொடை சித்திரையில் வருகிறது. இந்த வருசம் முளைப்பாரி எடுக்க நேர்ந்திருக்கிறேன். தேதி ஒத்துவராது போலிருக்கிறது. மாத்திரை போட்டுத் தள்ளிப்போடலாமா? டாக்டரைக் கொடை முடிந்த பிறகு பார்த்தால் போதுமா? ஜாக்கெட்டுக்குள் பர்சும் செல்போனும் வைப்பதால் இது வருமா? பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும் என் மகளுக்கும் வந்துவிடுமா? வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவர் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரை இப்போது வேண்டவே வேண்டாம். பத்துப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். மீதியைப் பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம்.

கடிதத்தை வைத்து அது என்ன கட்டி என்று என்னால் சொல்ல முடியாது. நேரில் பார்த்தாலும் கையால் தொட்டதை மட்டும் நம்பி முடிவு சொல்ல மாட்டேன். மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. இளம்பெண்களுக்கு விரலுக்கு அடியில் நழுவி ஓடும் நார்க்கட்டி வரும். உங்கள் வயதை ஒட்டியவர்களுக்கு நீர்க்கட்டி வரும். பால் கொடுக்கிறவர்களுக்குப் பால் கட்டிக்கொண்டு சீழ் வைக்கும். உங்களுடையதும் இப்படி ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் என்னை உறுத்துகின்றன. வயது 46. மாதவிடாய் ஒரு சுற்று வந்து போன பிறகும் கட்டி கரையவில்லை. மூன்றாவது, நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கும் அந்த வரி: வலி கொஞ்சம்கூட இல்லை.

"வலிக்கல டாக்டர், அதான் வரல." இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. நமக்குப் பழக்கமான கட்டியெல்லாம் வலிக்கிற கட்டி. வேனல்கட்டி விண்விண் என்று தெறிக்கும். காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டி நடக்க விடாது. பால் கட்டினால் குளிர்காய்ச்சலே வந்துவிடும். அந்தப் பழக்கத்தில், வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம், வலிக்காததை விட்டுவைக்கிறோம். மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. என் புறநோயாளிப் பிரிவில் மாதவிடாய்க்கு முந்தின வாரம் இரண்டு பக்கமும் கனத்து வலிக்கிறது என்று அழுதுகொண்டு வருகிறவர்களில் அநேகம் பேரைத் தைரியம் சொல்லி அனுப்பிவிடுவேன். வலியே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரி பிடித்து இழுத்து வந்ததால் வந்தேன் என்று உட்காருகிறவரைத்தான் அனுப்ப மாட்டேன்.

கட்டி ஒன்றுதான் அறிகுறி என்றும் இல்லை. கட்டியே தட்டுப்படாமல் தோலில் முதலில் தெரிவதும் உண்டு. இலவம்பஞ்சு மெத்தையில் நூலைக் கோத்து இழுத்துக் கட்டிய இடம் குழிந்திருக்குமே, அதே மாதிரி மார்பில் ஓரிடம் உள்வாங்கியிருக்கும். சும்மா நிற்கும்போது தெரியாது, கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தெரியும். உள்ளே இருக்கும் கட்டி, தோலைத் தாங்கும் நார்களைப் பிடித்து இழுப்பதால் வருவது அது. சிலருக்குத் தோல் தடித்து, சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழி விழும். காம்பு புதிதாக ஒரு பக்கம் உள்ளே போயிருந்தால் கவனியுங்கள். வயசுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றால் கவலையில்லை. பிழியாமலே ஒரு காம்பிலிருந்து மட்டும் இரத்தமோ நிறமில்லாத நீரோ கசிந்து ஜாக்கெட்டில் கறை படிவது, காம்பைச் சுற்றி மருந்துக்கும் ஆறாத சொறி, அக்குளில் கெட்டியான நெறி, இரண்டு மார்பும் அளவில் திடீரென்று ஏறுமாறாகத் தெரிவது ஆகிய எல்லாம் காட்டிவிட வேண்டியவை. மார்பு முழுக்கச் சிவந்து வீங்கிச் சுடுவது இன்னும் அவசரம். ஆன்டிபயாட்டிக் ஒரு சுற்று கொடுத்தும் அது அடங்காவிட்டால், சீழ் என்று நினைத்துக்கொண்டு அடுத்த சுற்று மாத்திரைக்குப் போகக் கூடாது.

ஒரு கைக்குழந்தைக்காரியைச் சொல்ல வேண்டும். பால் கட்டு என்று நாலு மாதம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருந்தார்கள். மாமியார் சொன்னது, அம்மா சொன்னது, ஒரு மருந்துக்கடைக்காரர் சொன்னது, எல்லாம் பால் கட்டுதான். ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. பால் கொடுக்கும் காலத்திலும் இது வரும், அபூர்வமாக. இரண்டு வாரத்தில் கரையாத பால் கட்டைப் பால் கட்டு என்று நம்பாதீர்கள்.

இப்போது மஞ்சள் பத்து. மஞ்சளின் மேல் எனக்குக் கோபமில்லை, எங்கள் வீட்டுச் சொதியிலும் கொஞ்சம் போடுவோம். அதோடு சுண்ணாம்பைக் குழைத்துத் தடவும்போது தோல் வெந்துபோகிறது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பத்து அடைமேல் அடையாகக் காய்ந்து, ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. நர்ஸ் ஈரப் பஞ்சை வைத்து அரை மணி நேரம் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தார். அடியில் தோல் செக்கச்செவேலென்று இருந்தது. அந்தச் சிவப்பு நோயால் வந்ததா, சுண்ணாம்பு சுட்டதா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் தோல் ஆற ஒரு வாரம் காத்திருந்தோம். பத்து கட்டியைக் கரைக்காது என்பதைவிட, பார்க்க வேண்டியதை அது மறைத்துவிடுகிறது என்பதுதான் என் குறை.

அடுத்தது, ஊசி குத்தினால் பரவும் என்ற பேச்சு. உங்கள் பெரியம்மா விஷயத்தில் ஊர் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கும். எந்தக் கட்டத்தில் ஊசி குத்தினார்கள் என்று யோசியுங்கள். கட்டி பெரிதாகி, நெறி கட்டி, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். போன அன்றே ஊசி. அடுத்த மாதமே உடம்பெல்லாம் நோய் என்று தெரிகிறது. ஊசிக்கு முன்னாலேயே பரவிக் கிடந்தது ஊசிக்குப் பின்னால் தெரியவந்தது, பழி ஊசிமேல் விழுந்தது. ஊசிப் பரிசோதனையால் நோய் பரவாது. அது இல்லாமல் சிகிச்சை தொடங்குவதுதான் தப்பு. கட்டி எந்த வகை, ஹார்மோனுக்குக் கட்டுப்படுமா, கட்டியை வேகமாக வளரவைக்கும் ஹெர்-2 என்ற புரதம் அதிகமா என்பதெல்லாம் அந்தச் சின்னத் துண்டில்தான் தெரியும். எந்த மருந்து என்பது அதைப் பொறுத்தது.

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், தயங்காதீர்கள். ஆண் மருத்துவராக இருந்தால் நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நிற்பார். உட்காரவைத்துப் பார்ப்பார்கள், இடுப்பில் கையூன்றச் சொல்வார்கள், பிறகு படுக்கவைத்து விரல்களின் தட்டைப் பகுதியால் இரண்டு மார்பையும் அக்குளையும் தடவிப் பார்ப்பார்கள். உங்கள் வயதில் மேமோகிராம் எடுப்போம். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே சில நொடி அழுத்திப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே, கதிர்வீச்சு மிகக் குறைவு. கூடவே ஸ்கேன். சந்தேகம் வந்தால் ஊசி: மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு, சற்றுத் தடித்த ஊசியால் எடுப்பார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குத் திடுக்கிடாதீர்கள். வெளியே வருவது ஒரு சேமியாத் துண்டு கனத்துக்குச் சதை. அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

சரி, கொடை. ஒரு வாரத்திலும் இரண்டு வாரத்திலும் கட்டி ஓடிப்போய்ப் பரவிவிடாது. என் பயம் வேறு. கொடை முடிந்தால் பள்ளிக்கூடம் திறக்கும், பிறகு மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், ஆடியில் ஒரு கல்யாணமும் வைக்க மாட்டார்கள், ஆஸ்பத்திரியும் போக மாட்டார்கள், ஆவணியில் ஏழு கல்யாணம் வந்து நிற்கும். கொடை முடிந்து வருகிறேன் என்று சொன்னவர்கள் கொடை முடிந்து வந்து நான் பார்த்தது குறைவு. தீபாவளிக்குப் பிறகு வந்திருக்கிறார்கள்.

அந்தத் தாமதத்துக்கு என்ன விலை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தியாவில் 11 இடங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளை வைத்துச் செய்து 2024இல் வெளியான ஆய்வு இது. நோய் மார்பகத்துக்குள்ளேயே நிற்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருப்பவர்கள் 100க்கு 81 பேர். அக்குள் நெறி வரைக்கும் வந்துவிட்டால் சுமார் 65. நுரையீரல், எலும்பு என்று போய்விட்ட பிறகு 18. எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியோ வீட்டு வாசலில் இருக்கும் ஆஸ்பத்திரியோ, இந்த மூன்று எண்ணில் எதில் நிற்கிறோம் என்பதைப் பெரும்பாலும் நாம் கிளம்பும் நாள்தான் முடிவு செய்கிறது.

அதோடு, நேர்ச்சையை விடச் சொல்லி நான் சொல்லவே இல்லையே. பரிசோதனை இப்போது, முளைப்பாரி சித்திரையில். ஊசி குத்திய இடம் அதற்குள் ஆறியிருக்கும். பரிசோதனையில் வேறு விதமாக வந்தாலும், சிகிச்சைத் தேதி குறிக்கும்போது கொடை நாளை டாக்டரிடம் சொல்லுங்கள், அதை ஒட்டியோ தள்ளியோ வைக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். நானே அப்படிப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

தள்ளிப்போடும் மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் அந்த மாத்திரை நோர்எதிஸ்டிரோன் என்னும் ஹார்மோன். இதற்கு முன் ஓரிரு கொடைக்குப் போட்டிருந்தால் அதனால்தான் கட்டி வந்தது என்று மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். இன்னதென்று தெரியாத கட்டி மார்பில் இருக்கும்போது ஹார்மோன் கூடாது, அவ்வளவுதான். மாதவிடாய் தேதி கொடையோடு மோதினால் முளைப்பாரியை மகள் எடுக்கட்டும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பது என் சொந்த அபிப்பிராயம், மருத்துவ அபிப்பிராயம் இல்லை.

ஜாக்கெட்டுக்குள் பர்ஸ், செல்போன்: இதனால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இறுக்கமான பாடியாலும் வராது, இரவில் கழற்றாததாலும் வராது, மார்பில் அடிபட்டதாலும் வராது. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போதுதான் ஏற்கெனவே இருந்த கட்டி கையில் படும். பீடி சுற்றுவதற்கும் இதற்கும் நிறுவப்பட்ட நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் காலையிலிருந்து இருட்டும் வரை ஒரே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது உடம்பில் சதை போட வைக்கிறது, அந்த வழியாக ஒரு சம்பந்தம் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்பிலிருந்துதான் வருகிறது. கொழுப்புக் கூடினால் அதுவும் கூடும், சில வகைப் புற்றுநோய்க்கு அது தீனி. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது என்று கணக்கு. கட்டுப் போட கம்பெனிக்குப் போகும்போது ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு நடந்தாலே அதில் ஒரு பங்கு தேறிவிடும்.

தாய்ப்பால் உண்மையிலேயே காப்பாற்றுகிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் வெளிவந்த அலசலில், பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைந்திருந்தது. பிள்ளைக்கு முழுசாகக் கொடுத்திருந்தால் உங்களுக்கு அந்த லாபம் கொஞ்சம் உண்டு. முழுப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நாலு பிள்ளை பெற்றுப் பால் கொடுத்தவர்களுக்கும் நான் அறுவைசிகிச்சை செய்திருக்கிறேன். மது ஆபத்தைக் கூட்டும், குறைந்த அளவில்கூட. மாதவிடாய் நின்ற பிறகு இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரைகளை வருடக்கணக்கில் போட்டுக்கொண்டே இருப்பதும் கூட்டும். இன்ன பழம், இன்ன கீரை தின்றால் வராது என்று வாட்ஸ்அப்பில் வருவதை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள். பெண்ணாகப் பிறந்ததும் வயதாவதும்தான் இந்த நோய்க்கு ஆகப் பெரிய காரணங்கள், இரண்டையும் நம்மால் மாற்ற முடியாது. அதனால், நோய் வந்தவரைப் பார்த்து நீ என்ன தப்புச் செய்தாய் என்று கேட்கும் சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடலாம்.

மகளுக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மார்பகப் புற்றுநோயில் பரம்பரை மரபணுவால் வருவது 100க்கு 5 முதல் 10 வரைதான். பெரியம்மா ஒருவருக்கு, அதுவும் அறுபதுக்கு மேல் வந்தது, பெரிய எச்சரிக்கை ஆகாது. குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு, ஐம்பதுக்குள், அல்லது யாருக்காவது சினைப்பையில், அல்லது ஓர் ஆணுக்கு மார்பில் வந்திருந்தால் மரபணுப் பரிசோதனையைப் பற்றிப் பேச வேண்டும். அப்பா வழியையும் விசாரியுங்கள். அத்தைமாருக்கு வந்ததை நம் ஆட்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை, அந்த மரபணு அப்பா வழியாகவும் வரும்.

இருபது வயதுப் பெண்ணுக்கு மேமோகிராம் தேவையில்லை. தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் போதும், மாறினால் உங்களிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒருநாள் கடிகாரம் வைத்துச் சுயபரிசோதனை என்று நாங்கள் ஒரு காலத்தில் கற்றுக்கொடுத்தோம். ஷாங்காயில் 2,66,000க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வந்தது. அப்படிச் சடங்காகச் செய்ததால் சாவு குறையவில்லை, தேவையில்லாத அறுவைதான் கூடியது. குளிக்கும்போது சோப்புக் கையோடு கவனிப்பது போதும். உங்கள் கட்டியையே அப்படித்தானே கண்டுபிடித்தீர்கள்!

பயிற்சி பெற்ற கை பார்ப்பது வேறு. மும்பையில் 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் பின்தொடர்ந்தார்கள். மருத்துவர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பார்த்தார்கள். 50 வயதைத் தாண்டியவர்களில் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது, அதற்குக் கீழே உள்ளவர்களில் அப்படிக் குறையவில்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். மைனியையும் போகச் சொல்லுங்கள். அவர்களுக்கு 40 தாண்டியிருந்தால் மேமோகிராம் பற்றியும் அங்கேயே கேட்கட்டும்.

அறுத்து எடுத்துவிடுவார்களோ என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுதாத கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வேளை புற்றுநோயாகவே இருந்தாலும், சிறிய கட்டிக்கு மார்பை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியை மட்டும் சுற்றுச்சதையோடு எடுத்துவிட்டு, ஊரில் சொல்கிற மாதிரி 'கரண்டு வைத்தால்', அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், முழுவதும் எடுத்தவர்களுக்குச் சமமாக வாழ்கிறார்கள். 20 வருடம் பின்தொடர்ந்து பார்த்த இரண்டு ஆய்வுகள் இதை உறுதி செய்தன. புளியங்கொட்டைக்கு இது பொருந்தும். எலுமிச்சங்காய் ஆன பிறகு வந்தால் பேச்சு வேறு.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சைப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும், அங்கீகரித்த தனியார் ஆஸ்பத்திரியிலும். அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் கையோடு கொண்டு வாருங்கள். வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், கூட ஓர் ஆள் இருந்தால் சீட்டுப் போடவும் ஸ்கேன் எடுக்கவும் அலைய அவர் உதவுவார். மகளுக்குக் காலேஜ் அங்கேதான் என்பதால் அவளையும் வரச் சொல்லலாம். முன்பக்கம் ஊக்கு வைத்த ஜாக்கெட் போட்டு வாருங்கள். அக்குளில் பவுடர் போட வேண்டாம், மேமோகிராமில் அது புள்ளியாகத் தெரியும். அந்தப் பத்தை மட்டும் இன்று ராத்திரியே வெறும் தண்ணீர் விட்டு நனைத்து, தேய்க்காமல் எடுத்துவிடுங்கள். பார்க்கிற டாக்டருக்குத் தோலின் நிறம் தெரிய வேண்டும்.